முகவாதத்துக்கு அக்குபஞ்சர்: நாள் கணக்கில் நேரும் தவறுகள்

முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று இழுத்துக்கொண்டவர் அக்குபஞ்சர் என்று பேச்செடுத்தால் இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். ஒருவர், "நாளைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், தாமதித்தால் நரம்பு செத்துவிடும்" என்பார். இன்னொருவர், "முதல் வாரம் முகத்தில் ஊசி படவே கூடாது, வீக்கம் கூடிவிடும்" என்பார். இந்த மருத்துவம் பிறந்த சீனாவிலேயே அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எந்தப் பக்கம் சரி என்று அடித்துச் சொல்லும் அளவுக்குத் தரமான ஆதாரம் இரு தரப்பிடமும் கிடையாது. நோயாளிகள் உண்மையில் கெட்டுப்போகும் இடங்கள் வேறு.

முதல் தவறு, இது முகவாதம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது. வாய் கோணியவரைப் புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பெல்ஸ் பால்ஸி எனப்படும் முகவாதத்தில் முக நரம்பே பாதிக்கப்படுவதால் நெற்றி, கண், வாய் என்று ஒரு பக்கம் முழுவதும் சோர்ந்துபோகும். நெற்றியில் சுருக்கம் விழாது. நெற்றி நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் மூளையில் பக்கவாதமாக இருக்கலாம். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது; ஒரு பாதி அடிபட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கால எல்லை நாலரை மணி நேரம். அந்த நேரத்தை எந்தக் கிளினிக்கின் வரவேற்பறையிலும் செலவிடக்கூடாது.

காதுக்குள் அல்லது காதைச் சுற்றிக் கொப்புளங்கள், கடும் வலி, கேட்கும் திறனில் குறைவு இருந்தால் அதுவும் வேறு கதை. சின்னம்மை வைரஸ் மீண்டும் விழித்துக்கொண்டு தாக்கும் ராம்சே ஹன்ட் நோய் அது. அதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து சீக்கிரமே தேவை. குணமாகும் வாய்ப்பும் பெல்ஸ் பால்ஸியைவிடக் குறைவு. முகம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சோர்ந்துகொண்டே வந்தால் கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ஸ் பால்ஸி அப்படி நடந்து வராது. பெரும்பாலும் மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும்.

இனி அந்த மூன்று நாளுக்கு வருவோம். முக நரம்பு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக வெளியே வருகிறது. நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்குகிறது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் முழுமையாகக் குணமானார்கள். எடுக்காதவர்களில் அது 63.6 சதவீதம். முகவாத மருத்துவத்தில் நேரம் பற்றி நம்மிடம் உள்ள உறுதியான செய்தி இதுதான்.

ஆகவே "முதலில் பத்து நாள் அக்குபஞ்சர் பார்ப்போம், கேட்காவிட்டால் ஆங்கில மருத்துவம்" என்ற வரிசை தலைகீழானது. ஊசியைப் பத்து நாள் கழித்தும் போட்டுக்கொள்ளலாம். ஸ்டீராய்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் சில அக்குபஞ்சர் சிகிச்சையாளர்கள் முதல் நிபந்தனையாகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்கிறார்கள். முகவாதத்தில் இந்த நிபந்தனையை ஏற்பது, கைக்கு எட்டிய பலனைத் தூக்கி எறிவதாகும். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மையே. அதைச் சமாளிக்க மருத்துவர் அளவை மாற்றுவார், சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்வார். தாமாக மாத்திரையை விட்டுவிடுவது வழியல்ல.

கண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது இன்னொரு வினோதம். இமை மூடாத கண் உலர்ந்து கருவிழியில் புண் வரும். முகம் நேரான பிறகும் அந்தத் தழும்பு பார்வையில் நிற்கும். பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டுவது, வெளியே போகும்போது கண்ணாடி. முதல் நாளிலிருந்தே.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. படித்தவர்களே அதிகம் சறுக்குவது இங்கேதான். "சீக்கிரம் ஊசி போட்டவர்கள் எல்லோரும் குணமானார்கள், தாமதமாக வந்தவர்களுக்குத்தான் குறை நின்றுவிட்டது" என்று அனுபவமுள்ள சிகிச்சையாளர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது அதுவே. ஆனால் கோபன்ஹேகனில் சிகிச்சையே தரப்படாத 1,701 பெல்ஸ் பால்ஸி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட பதிவைப் பாருங்கள்: 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது, 71 சதவீதம் பேர் முழுமையாகப் பழைய நிலைக்கு வந்தார்கள். முதல் வாரம் வருபவர்களில் பெரும்பாலோர் ஊசி இல்லாமலும் தேறக்கூடியவர்கள். இரண்டு மாதம் கழித்து வருபவர்களோ, தானாகத் தேறியவர்கள் விலகிப்போன பின் மிஞ்சியவர்கள். நரம்பு ஆழமாக அடிபட்டவர்கள். சலித்த பிறகு சல்லடையில் நிற்பதை எடுத்துக்கொண்டு முழு மாவும் கட்டி என்று சொல்வது போன்ற கணக்கு இது. குலுக்கல் முறையில் ஒரு பாதியை இன்றும் மறு பாதியைப் பிறகும் சிகிச்சைக்கு அனுப்பிப் பார்க்காதவரை, சீக்கிரம் வந்ததால் குணமா, இலேசான பாதிப்பு என்பதால் குணமா என்று பிரிக்க முடியாது.

ஆய்வுகளை மேற்கோள் காட்டுபவர்களும் அவற்றை முழுதாகப் படிப்பது நல்லது. 2010இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, மொத்தம் 537 பேர் பங்கேற்ற ஆறு ஆய்வுகளை அலசிவிட்டு, முடிவு சொல்ல அவற்றின் தரம் போதாது என்றது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2013 வழிகாட்டியும் அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. அதே ஆண்டு கனடிய மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 338 பேரில், ஊசியைத் திருகிக் கனம், குடைச்சல் போன்ற 'தேச்சி' உணர்வை வரவழைத்த பிரிவினர் ஆறு மாதத்தில் கூடுதலாகத் தேறியிருந்தனர். நல்ல ஆய்வுதான். ஆனால் இரு பிரிவினருக்குமே ஊசி போடப்பட்டது. இரு பிரிவினருமே பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தார்கள். ஊசி போட்டால் பலனா இல்லையா என்பதை அது சோதிக்கவில்லை. எந்த நாளில் தொடங்குவது என்பதையும் சோதிக்கவில்லை. மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது சிரிப்புக்கிடமானது. அக்குபஞ்சர் என்ற பெயரில், ஊசியே இல்லாமல், ஊசி குத்தும் புள்ளியை ஒரு விரலால் தொடும் முறைக்கு அதைச் சான்றாக்குவது இன்னும் வேடிக்கை.

மருந்து தொடங்கியாயிற்று, கண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அதோடு அக்குபஞ்சரும் வேண்டும் என்றால் தடுக்கப் பெரிய காரணம் இல்லை. சீன மருத்துவர்கள் பெரும்பாலும் நோயை ஏறும் காலம், நின்ற காலம், மீளும் காலம் என்று பிரிக்கிறார்கள்: முதல் ஏழு நாள், எட்டிலிருந்து இருபது நாள் வரை, அதன் பின். முதல் வாரம் முகத்தில் ஊசிகளைக் குறைத்து, ஆழமில்லாமல் குத்தி, கைகால் புள்ளிகளையே நம்புவது பலரது வழக்கம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹெகு புள்ளி முகத்துக்கும் வாய்க்கும் உரியது என்று அங்கே ஒரு பழைய மனப்பாடப் பாட்டே உண்டு. அதே புள்ளியைக் கர்ப்பிணிக்குத் தொடக்கூடாது என்பதும் மரபு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் முகவாதம் வருவது கூடுதல் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். இந்தப் படிநிலைகள் நிரூபிக்கப்பட்டவை அல்ல. என்றாலும், முதல் நாளிலேயே முகத்தில் பத்துப் பதினைந்து ஊசி செருகி மின்சாரம் கொடுக்கும் அவசரத்தைவிட இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும்.

நேரத்தைத் தவறாகக் கணிப்பது பின்கட்டத்திலும் நடக்கிறது. அறுந்து வளரும் நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதற்குத் தினமும் ஊசி போட்டு விரட்டினாலும் இரண்டே வாரத்தில் தசையை எட்டிவிடாது. "இருபது தடவை வந்தால் முழுக் குணம்" என்ற தொகுப்புக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டாதீர்கள். வளரும் இழைகள் தடம் மாறித் தவறான தசையோடு சேர்ந்துவிட்டால், சிரிக்கும்போது கண் மூடும். சாப்பிடும்போது கண்ணீர் வழியும். சில மாதங்கள் கழித்துத் தலைகாட்டும் இந்தக் கோளாறில் தசை சோர்ந்திருக்கவில்லை, வேண்டாத நேரத்தில் இழுக்கிறது. அப்போதும் "வலுவூட்ட" என்று மின் தூண்டுதலைக் கூட்டச் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள். கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் தசைப் பயிற்சி, தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி ஆகியவற்றுக்கு உரிய கட்டம் அது. இந்தப் பின்விளைவுகளுக்குக் கொரியாவில் 39 பேரிடம் எட்டு வாரம் அக்குபஞ்சர் செய்து பார்த்தபோது பலன் தென்பட்டது. ஒப்பிட்டது காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு என்பதால் அதை ஒரு தொடக்கமாக மட்டுமே கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புருவம் தூக்குவது, கண் மூடுவது, பல் தெரியச் சிரிப்பது ஆகியவற்றைக் கைப்பேசியில் ஒரே வெளிச்சத்தில் பதிவு செய்யுங்கள். சிகிச்சையாளரின் "நல்ல முன்னேற்றம்" என்ற சொல்லைவிட அது நம்பகமானது. மூன்று மாதம் ஆகியும் முகம் முழுமையாகத் திரும்பவில்லை என்றால் அந்தப் பதிவுகளோடு நரம்பியல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். துளி அசைவும் வரவில்லை என்றால் இன்னொரு சுற்று ஊசிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன், ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள்.