ஒரு வாரத்துக்கு ஒரே விதி: ஆங்கில இலக்கணம் மனதில் நிற்க

விதியைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர், அடுத்த நிமிடமே 'ஷீ கோ டு ஸ்கூல்' என்று எழுதுவார். விதி தெரிவது வேறு, எழுதும்போது அது கைக்கு வருவது வேறு.

வாரத்துக்கு ஒரு விதி போதும். ஹீ, ஷீ, இட் வந்தால் நிகழ்கால வினையில் 'எஸ்' சேர்வதில் தொடங்கலாம். பலகையில் ஒரு பக்கம் 'ஐ ரன், வீ ரன், தே ரன்', மறுபக்கம் 'ஹீ ரன்ஸ், ஷீ ரன்ஸ், இட் ரன்ஸ்' என்று எழுதுங்கள். வேறுபாட்டை மாணவரே கண்டு சொல்லட்டும். விதியை நீங்கள் சொல்ல வேண்டாம்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் பத்து வாக்கியங்கள். அவற்றில் நான்கில் மட்டும் 'எஸ்' தேவைப்படட்டும். பத்திலும் தேவைப்பட்டால் மாணவர் யோசிக்காமலே ஒட்டிக்கொண்டு போவார். மறுநாள் 'தே ரன்ஸ்' வந்து நிற்கும்.

பெரிய சிக்கல் கேள்வியிலும் மறுப்பிலும்தான். 'டஸ் ஷீ கோஸ்?', 'டிட் நாட் வென்ட்' ஆகியவை அநேகமாக எல்லா நோட்டிலும் இருக்கும். இருப்பது ஒரே ஒரு 'எஸ்'. அதை 'டூ' வாங்கிக்கொண்டு 'டஸ்' ஆகிவிட்டது, வினை வெறுங்கையோடு நிற்கிறது என்று விளக்குங்கள். இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொள்வதும் அப்படியே. தமிழிலேயே இதற்குத் துணை உண்டு: நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை. யார் வந்தாலும் 'போக' மாறுவதில்லை. 'டிட் நாட் கோ' என்பதிலும் 'கோ' அப்படித்தான்.

'அ', 'அன்' விதிக்கு எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். 'யூனிஃபார்ம்' யகர ஒலியில் தொடங்குவதால் 'அ'. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லில் முதல் எழுத்தான 'எச்' ஒலிப்பதில்லை, அதனால் 'அன்'. வாய்விட்டுச் சொன்னால் தானே பிடிபடும்.

திருத்தும்போது சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதித் தராதீர்கள். வரியின் ஓரத்தில் பிழை எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள். தேடிப்பிடிப்பது மாணவர் வேலை. தேடும்போதுதான் விதி மறுபடி நினைவுக்கு வருகிறது.

முடித்த விதியை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் ஐந்தைந்து நிமிடம் கேளுங்கள். நோட்டைப் புரட்ட விடாதீர்கள். திரும்பப் படிப்பது தெரிந்ததுபோல ஒரு மயக்கத்தைத் தரும், அவ்வளவுதான். ஒரு மாதச் சோதனையில் பத்துக்கு எட்டுக்குக் கீழே வந்தால், அந்த வாரம் புதிய விதி கிடையாது.