பூல் தண்ணி பச்சையாயிடுச்சா? மருந்து டப்பாவை கீழ வச்சுட்டு முதல்ல இதப் பாருங்க

ஈசிஆர் பக்கம் வில்லாவோ, பொள்ளாச்சி ரோட்ல தோட்ட வீடோ, வீட்ல ஸ்விம்மிங் பூல் வச்சிருக்கவங்க எல்லாரும் வெயில் காலத்துல புலம்புறது ஒண்ணுதான், நேத்து வரைக்கும் நல்லாதாங்க இருந்துச்சு, காலைல பாத்தா பச்சையா கிடக்கு. உடனே கெமிக்கல் கடைக்கு போன் போடுவாங்க, அவரு மூணு டப்பா குடுத்து அனுப்புவாரு, மூணையும் ஒரே நேரத்துல கொட்டுவாங்க, சாயங்காலம் பச்சை போய் பால் கலர்ல நிக்கும். முக்காவாசி நேரம் பிரச்சனை மருந்து பத்தாததுல இல்ல. ஃபில்டர் சரியா ஓடல, இல்ல பிஎச் (தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு) ஏறிப் போய் போட்ட குளோரின் வேலை செய்யல. அதப் பாக்காம கொட்டுறது எல்லாம் காசு கரையுறது தான்.

முதல்ல உங்க பூல்ல எத்தன லிட்டர் தண்ணின்னு தெரியணும், இது தெரியாம அளவு சொல்றவரு எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் நம்பாதீங்க. நீளம், அகலம், சராசரி ஆழம் மூணையும் அடில பெருக்கி, அத 28.3-ஆல பெருக்குங்க. 25 அடி நீளம், 14 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம்னா கிட்டத்தட்ட 40,000 லிட்டர். கீழ சொல்ற அளவு எல்லாம் இந்த சைஸுக்கு தான், உங்களுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கோங்க.

அடுத்து டெஸ்ட் கிட். மஞ்சள் கலர் காட்டுற சொட்டு மருந்து கிட் சீப்பா கிடைக்கும், ஆனா அது மொத்த குளோரினத்தான் காட்டும், அதுல வேலை செய்யுற குளோரின் எவ்ளோ, அழுக்கோட சேந்து செத்துப் போனது எவ்ளோன்னு பிரிச்சுக் காட்டாது. பிங்க் கலர் வர்ற டிபிடி கிட் வாங்குங்க. அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா பிங்க் ஒரு செகண்ட் வந்துட்டு வெளுத்துப் போயிடும், பாக்குறதுக்கு குளோரினே இல்லாத மாதிரி இருக்கும், அத நம்பி மேல மேல ஊத்துறவங்க நிறைய பேரு. சந்தேகமா இருந்தா பூல் தண்ணியும் குடிக்கிற கேன் தண்ணியும் சரிபாதியா கலந்து திரும்ப டெஸ்ட் பண்ணிட்டு, வர்ற நம்பர ரெண்டால பெருக்கிக்கோங்க.

இருக்க வேண்டிய அளவு: பிஎச் 7.2-ல இருந்து 7.8-க்குள்ள, ஃப்ரீ குளோரின் (அதாவது வேலை செய்யுற குளோரின்) 1-ல இருந்து 3 பிபிஎம் (பிபிஎம்னா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), ஆல்கலினிட்டி (பிஎச் சட்டுனு ஏறி எறங்காம தாங்குற தன்மை) 80-ல இருந்து 120 பிபிஎம். இதுல பிஎச் தான் முதல்ல. பிஎச் 7.5-ல போட்ட குளோரின்ல பாதி தான் கிருமியக் கொல்ற வடிவத்துல இருக்கும், 8-க்கு ஏறிட்டா அது கால்வாசிக்கும் கீழ போயிடும். நம்ம ஊரு போர் தண்ணி பல எடத்துல உப்பும் சுண்ணாம்புமா இருக்கறதால பிஎச் மேல தான் ஏறும், டைல்ஸ் ஓரத்துல வெள்ளக் கோடு விழுறதும் அதனால தான். எறக்குறதுக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஒரு தடவைக்கு 250 மில்லிக்கு மேல வேணாம், ஒரு பக்கெட் தண்ணி எடுத்து அதுல ஆசிட்ட மெதுவா ஊத்துங்க, ஆசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தவே கூடாது, அப்புறம் பம்ப் ஓடும்போது பூல சுத்தி விட்டுட்டு நாலு மணி நேரம் கழிச்சு திரும்ப டெஸ்ட். கையுறை, கண்ணாடி போடுங்க, செருப்பும். ஆல்கலினிட்டி கொறஞ்சிருந்தா சாதாரண சமையல் சோடா உப்பு (பேக்கிங் சோடா) போதும், 40,000 லிட்டர்ல 10 பிபிஎம் ஏத்த சுமார் 670 கிராம், இதையே அழகான டப்பால போட்டு பல மடங்கு விலைக்கு விப்பாங்க.

குளோரின் எதுன்னு கேட்டா என் ஓட்டு லிக்விட் ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) தான். 10 சதவீத லிக்விட்னா 400 மில்லி ஊத்துனா 1 பிபிஎம் ஏறும். சாயங்காலம் வெயில் எறங்குன பிறகு ஊத்துங்க, மதிய வெயில்ல ஊத்துனா ரெண்டு மூணு மணி நேரத்துல பெரும்பகுதி ஆவியா போன மாதிரி காணாமப் போயிடும். கேன் வெயில்ல கிடந்தாலும் சத்து போயிடும், அதனால மொத்தமா வாங்கி அடுக்காதீங்க. மாத்திரையா வர்ற டிசிசிஏ (TCCA, இதுவும் ஒரு வகை குளோரின்) சௌகரியம் தான், ஊருக்குப் போறப்ப ஃப்ளோட்டர்ல (மிதக்குற டப்பா) போட்டுட்டு போகலாம், ஆனா அதுல சயனூரிக் ஆசிட் இருக்கு, அது வெயில்ல இருந்து குளோரினக் காப்பாத்தும், 30-ல இருந்து 50 பிபிஎம் வரைக்கும் நல்லது, தாண்டினா குளோரினையே மந்தமாக்கிடும். வாரம் மூணு 200 கிராம் மாத்திரை போட்டா மாசத்துக்கு 30-க்கு மேல ஏறும், ஏறினத எறக்க வீட்டுல வேற வழி இல்ல, பாதி தண்ணிய மாத்தணும். ப்ளீச்சிங் பவுடர் போடுறவங்க இருக்காங்க, தப்புன்னு சொல்லல, ஆனா அடில சுண்ணாம்பு சேறு படியும், அத கூட்டுறது உங்க வேலை. முக்கியமான ஒண்ணு, டிசிசிஏவையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் (ப்ளீச்சிங் பவுடர்ல இருக்குறது இது தான்) ஒரே மக்ல கூட எடுக்காதீங்க, ரெண்டும் சேந்தா தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அலமாரில வைக்காதீங்க, கலந்தா வர்றது விஷ வாயு.

சரி, பச்சை. மொதல்ல குப்பை இலை எல்லாம் வலையால அள்ளுங்க, வேப்பம்பூ உதிர்ற நேரம்னா ஸ்கிம்மர் (மேல மிதக்குற குப்பைய இழுக்குற சுவர் வாய்) கூடை ஒரே நாள்ல அடைச்சுக்கும். பிஎச்ச 7.2 கிட்ட கொண்டு வாங்க. சுவரு, படி, மூலை எல்லாம் பிரஷ் போட்டு தேயுங்க, தேய்க்காம விட்டா பாசியோட வழுக்கு மேல குளோரின் ஏறாது. ராத்திரி 4 லிட்டர் ஹைப்போ, அதாவது 10 பிபிஎம், ஊத்திட்டு பம்ப்ப விடிய விடிய ஓட விடுங்க. காலைல ஃப்ரீ குளோரின் பூஜ்யம்னா பாசி இன்னும் தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம், அன்னிக்கு ராத்திரி திரும்ப. தண்ணி சாம்பல் கலந்த வெள்ளையா மாறுனா பாசி செத்துருச்சு, இனிமே மருந்து வேணாம், அத ஃபில்டர் இழுக்கணும், பொறுமை தான். அவசரம்னா படிகாரம் போட்டு பம்ப்ப நிறுத்தி அடில படிய விட்டு, மறுநாள் ஃபில்டர் வால்வ வேஸ்ட்ல (தண்ணி ஃபில்டருக்குள்ள போகாம நேரா வெளிய போற நிலை) வச்சு வேக்குவம் பண்ணுங்க, ஃபில்டர்ல விட்டீங்கன்னா மணல் கெட்டியாயிடும். குளோரின் 3-க்கு கீழ வந்து, அடில இருக்குற டிரெயின் மூடி தெளிவா தெரியுற வரைக்கும் பசங்கள எறக்காதீங்க. 2024-ல கேரளால குளம், ஆறுன்னு குளிச்ச பசங்க அமீபா மூளைக் காய்ச்சல்ல இறந்தது ஞாபகம் இருக்கும், அது மூக்கு வழியா ஏறுறது, குளோரின் ஒழுங்கா இருக்குற தண்ணில அது நிக்காது.

ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துட்டே பச்சையாவோ டீ கலர்லயோ மாறுனா அது பாசி இல்ல. புதுசா போர் தண்ணி விட்டு, குளோரின் ஊத்துன உடனே மாறுச்சுன்னா இரும்பு. மேல மேல குளோரின் ஊத்துனா இன்னும் கருக்கும். அடுத்த தடவ நெரப்புறதுக்கு முன்னாடி ஒரு வெள்ள பக்கெட்ல போர் தண்ணி புடிச்சு அரை மூடி ஹைப்போ விட்டு ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க, கலர் மாறுனா டேங்கர் தண்ணி தான் லாபம், ஆனா டேங்கர் தண்ணியவும் அதே பக்கெட்ல டெஸ்ட் பண்ணிட்டு எறக்குங்க.

சாண்ட் ஃபில்டருக்கு ஒரு சின்ன பழக்கம் போதும். பேக்வாஷ் (தண்ணிய எதிர்த் திசைல விட்டு மணலக் கழுவுறது) பண்ணி முடிச்ச உடனே பிரஷர் கேஜ்ல என்ன காட்டுதோ அத ஃபில்டர் மேலயே மார்க்கர்ல எழுதுங்க, அதுல இருந்து 8-10 பிஎஸ்ஐ ஏறுனா திரும்ப பேக்வாஷ், ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் அரை நிமிஷம் ரின்ஸ். தினமும் பண்ணாதீங்க, கொஞ்சம் அழுக்கு ஏறுன மணல் தான் நல்லா வடிகட்டும். பம்ப் ஓடும்போது மல்டிபோர்ட் (ஃபில்டர் வால்வு) கைப்பிடிய திருப்பவே கூடாது, உள்ள கேஸ்கெட் கிழிஞ்சுரும், கிழிஞ்சா ஃபில்டர்ல வச்சிருந்தாலும் வேஸ்ட் பைப்ல தண்ணி சொட்டிட்டே இருக்கும். பம்ப் தண்ணி இழுக்கலன்னா மோட்டார் மெக்கானிக்க கூப்புடுறதுக்கு முன்னாடி தண்ணி மட்டம் ஸ்கிம்மர் வாயில பாதி வரைக்கும் இருக்கா, கூடை அடைச்சிருக்கா, பம்ப் மூடியோட ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெடிச்சிருக்கான்னு பாருங்க. ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் தான், வாசலின் தடவுனா ரப்பர் ஊதிப் போயிடும். அடி டிரெயின் மூடி உடைஞ்சிருந்தா மாத்துற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது, தலைமுடிய இழுத்துப் புடிச்சுக்கும். மோட்டார் லைன்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) இல்லாத பூல்னா அத இந்த வாரமே போடுங்க.

தண்ணி கொறயுதுன்னா லீக்கா வெயிலான்னு கண்டுபுடிக்க, ஒரு பக்கெட்ல பூல் தண்ணிய நெரப்பி படி மேல வச்சு, உள்ளயும் வெளியவும் மட்டத்த கோடு போடுங்க. ஒரு நாள் கழிச்சு ரெண்டும் ஒரே அளவு கொறஞ்சா வெயில். வெளிய அதிகமா கொறஞ்சா லீக், பம்ப் ஓடும்போது மட்டும் அதிகம்னா திரும்பி வர்ற பைப்ல தேடுங்க.

ஐப்பசி கார்த்திகை மழைல பூல முழுசா காலி பண்ணி கழுவுற யோசனை மட்டும் வேண்டாம். நெலத்தடி தண்ணி மேல ஏறி நிக்கும், காலி தொட்டிய அது கீழ இருந்து தூக்கும், கடலோர மணல் பூமில தரை விரியவோ மொத்தமா எழும்பவோ வாய்ப்பு இருக்கு. காலி பண்ற வேலை எல்லாம் மழைக்காலம் முடிஞ்சு, போர்ல தண்ணி மட்டம் எறங்கிருச்சான்னு பாத்துட்டு பண்ணுங்க. மழை நாள்ல ஓவர்ஃப்ளோ போற அளவுக்கு விட்டுட்டு, மழை விட்ட அன்னிக்கு ராத்திரியே டெஸ்ட் பண்ணி குளோரினையும் ஆல்கலினிட்டியையும் பழைய அளவுக்கு கொண்டு வந்தா போதும்.