மைலேஜ் குறைகிறதா? முதலில் டயரைப் பாருங்கள்

டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் தாராளம். பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே பங்க்கில் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். வள்ளியூர்வரை வெயிலில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 4, 5 பிஎஸ்ஐ கூடவே காட்டும். அதை நம்பி இறக்கினால், ஆறியதும் டயர் தொய்ந்துவிடும். சரியான அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

பலர் கவனிக்காதது பிரேக் உரசல். பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால், அனேகமாக அங்கே காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகர உதவும் பின் (pin) இறுகியிருக்கும். மெக்கானிக்கிடம் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

திசையன்விளைப் பக்கம் தேரி எனப்படும் செம்மணலில் ஓடும் வண்டியா? கையேடு சொல்லும் கிலோமீட்டர்வரை ஏர் ஃபில்டர் தாங்காது.

நாற்கரச் சாலையில் 100-ல் போனால், காற்றின் தடை 80-ல் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆடிக் காற்றில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் போகையில் எதிர்காற்றும் சேரும். அங்கே 70 தாராளம்.