ரோஸெட் நெபுலாவை மூன்று ஃபில்டரில் படமெடுப்பது எப்படி?

திருவாதிரை நட்சத்திரத்தைப் பார்த்துக் கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலத்துக்குக் கிழக்கே தள்ளினால் ரோஸெட் நெபுலா என்ற வாயு மேகம். முழு நிலாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலமான பூ அது, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஜனவரி கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். ஃபில்டர் பழக இதைவிட நல்ல இலக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஃபில்டர் படத்துக்கு நிறம் பூசுவதில்லை. ஒரே ஒரு வாயுவின் ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கிறது. அந்த ஒளிகளின் அலைநீளம்: ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்சிஜன்-3 500.7, சல்ஃபர்-2 சுமார் 672. ஃபில்டர் உள்ளே விடும் அலைநீளப் பட்டையின் அகலம் 7 நானோமீட்டர்தான் என்பதால் தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். ஊருக்குள் மொட்டை மாடியிலிருந்தே எடுக்கலாம்.

குளிரூட்டும் வசதியுள்ள கருப்பு-வெள்ளை கேமரா, ஃபில்டர்களை மாற்றித் தரும் ஃபில்டர் வீல், 400 மி.மீ. குவியதூர டெலஸ்கோப், கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து நகர்வைத் திருத்துவது) வசதியோடு, வானம் சுழல்வதைப் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுண்ட். இவை இருந்தால் போதும்.

படி 1: துருவ அலைன்மென்ட்

மவுண்டின் அச்சை வானத்தின் துருவத்துக்கு நேராக வைப்பதுதான் இது. துருவ நட்சத்திரம் கன்னியாகுமரியில் 8 டிகிரி, சென்னையில் 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பாதி நாள் தென்னை மரமோ புழுதியோ மறைத்துவிடும். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று இடங்களைப் படமெடுத்து அலைன்மென்ட் செய்யும் வசதி உண்டு. அதற்குத் துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம்.

படி 2: ஃபோகஸ்

டெலஸ்கோப் வாயில் பாத்தினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று கோடுகளால் காட்டும், வெட்டுகள் போட்ட மூடி) போட்டு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 3: படமெடுத்தல்

கேமராவை மைனஸ் 10 டிகிரிக்குக் குளிரவைத்து, ஒரு படத்துக்கு 300 விநாடி வையுங்கள். ஹைட்ரஜனில் முதல் படம் இறங்கியதுமே, சாம்பல் நிறத் திரையில் இதழ்கள் விரிந்து கிடப்பது தெரியும். அப்புறம் ஆக்சிஜனுக்கு மாற்றுங்கள். இதழ்கள் மங்கிப்போய், நடுப்பள்ளத்தைச் சுற்றி மெல்லிய புகை மட்டும் மிஞ்சும். இதைப் பார்த்துப் பலர் சோர்ந்துபோய் அரை மணி நேரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஹைட்ரஜனுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஆக்சிஜனுக்கு நான்கு, சல்ஃபருக்கு மூன்று கொடுங்கள். நிலா வெளிச்சம் அதிகம் கெடுப்பதும் ஆக்சிஜனைத்தான். அதனால் நிலா இல்லாத இரவுகளை அதற்கென்றே ஒதுக்கி, நிலா நாட்களில் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஃப்ளாட், டார்க்

ஃப்ளாட் என்பது தூசி நிழலை நீக்க உதவும் படம், டார்க் என்பது கேமராவின் சொந்த இரைச்சலை நீக்க உதவும் படம். டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணி கட்டி, சீரான வெளிச்சத்தில் ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனியாக ஃப்ளாட் எடுங்கள். ஃபில்டரில் ஒட்டிய தூசி, படத்தில் மெதுவடை போல வளையமாக விழும். அது ஃபில்டருக்கு ஃபில்டர் வேறு இடத்தில் இருக்கும். ஹைட்ரஜன் ஃப்ளாட்டை ஆக்சிஜனுக்கும் போட்டு, ஒரு வார உழைப்பைக் கெடுத்தவன் நான். ஃப்ளாட் முடியும்வரை கேமராவைத் திருப்பக் கூடாது. டார்க் எடுக்க மூடியைப் போட்டு, அதே 300 விநாடி, அதே வெப்பநிலை.

படி 5: நிறம் சேர்த்தல்

சிரில் மென்பொருளில் ஒவ்வொரு ஃபில்டரின் படங்களையும் தனியாக ஸ்டேக் செய்து (ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து), தனியாக ஸ்ட்ரெச் செய்யுங்கள் (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்குங்கள்). பிறகு சல்ஃபரைச் சிவப்பிலும், ஹைட்ரஜனைப் பச்சையிலும், ஆக்சிஜனை நீலத்திலும் வையுங்கள். 1995-ல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாத் தூண்கள் படத்தால் பிரபலமான முறை இது. உண்மையில் சல்ஃபரும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பு. வாயுக்கள் பிரிந்து தெரியத்தான் இந்த இடமாற்றம்.

ஹைட்ரஜன் வலுவாக இருப்பதால் முதலில் எல்லாம் பச்சையாகத் தெரியும். பயப்படாமல் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இதழ்கள் பொன்னிறத்துக்கு வரும். நான்கு மணி நேரம் கொடுத்த ஆக்சிஜன், நடுப்பள்ளத்தில் இளம் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி நீலமாக எழும்பும்.