லேப்டாப்புக்கு 4கே ஸ்கிரீன் வேணுமா, கடையிலேயே பாத்து முடிவு பண்றது எப்படி

டவுன்ஹால் ரோட்டுல எந்தக் கடைக்குப் போனாலும் 4கே மாடலத்தான், அதாவது ரொம்ப நுணுக்கமாக் காட்டுற ஸ்கிரீன் இருக்கதத்தான், முதல்ல எடுத்துக் காட்டுவாங்க, அதுல ஓடுற டெமோ வீடியோவ நம்பிராதீங்க, அது எந்த ஸ்கிரீன்லயும் பளபளன்னுதான் தெரியும்.

அண்ணே ஒரு நிமிசம்னு சொல்லி ஒரு தமிழ் நியூஸ் பக்கத்த தெறக்கச் சொல்லுங்க. எழுத்த நல்லா சின்னதாக்கி, பக்கத்துலயே ஒரு சாதாரண ஃபுல் ஹெச்டி ஸ்கிரீன் லேப்டாப்பையும் வச்சு, வீட்டுல உக்கார்ற மாதிரி ரெண்டடி தள்ளி உக்காந்து பாருங்க. 'க்' மேல இருக்க புள்ளி, 'ஞ'வோட சுழி, இது ரெண்டும் பிசிறில்லாம தெரியுதான்னு பாத்தாப் போதும். 15.6 இஞ்ச் ஃபுல் ஹெச்டில ஒரு இஞ்சு நீளத்துக்கு 141 பிக்சல் (படத்த உண்டாக்குற குட்டிக் குட்டிப் புள்ளி), 4கேல 282. ரெண்டடி தூரத்துல சாதாரண கண்ணுக்கு 141க்கு மேல பெரிசா வித்தியாசம் தெரியாது, ஒன்றரை அடிக்கு வந்தாத்தான் தெரியும்.

ஆனா நீளத்துலயும் உயரத்துலயும் ரெண்டு ரெண்டு மடங்குன்னா மொத்த பிக்சல் நாலு மடங்கு, அதனால பேட்டரி சீக்கிரம் எறங்கும், கேம் ஆடுனா திணறும். கரண்ட் கட்டாகுற ஏரியான்னா யோசிச்சுக்கங்க.

எனக்கு கேட்டா 14 இஞ்ச்ல 2560x1600 பிக்சல்தான் சரியான அளவு. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவங்க மட்டும் 4கே பாக்கலாம், அதுலயும் 100% எஸ்ஆர்ஜிபி (ஸ்கிரீன் எவ்வளவு கலர் காட்டும்னு சொல்ற அளவு) இருக்கான்னு முதல்ல கேளுங்க, கலர் வெளிறிப்போன பேனல்ல எத்தன பிக்சல் இருந்து என்ன பண்ண. ஸ்கிரீன் வெளிச்சம் 300 நிட்ஸுக்கு (வெளிச்சத்த அளக்குற அலகு) கொறஞ்சா வேணாம், நம்மூரு வெயிலுக்கு ஜன்னலோரம் உக்காந்தா மூஞ்சிதான் தெரியும்.