குளிர்கால வாரத்தில் ரொறன்ரோத் தம்பதிகள் வழக்கமாக விடும் பிழைகள்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவைக்கிறோம். அன்று கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியால நித்திரையோடு குளிர்காலத்துக்கான ஆயத்தம் முடிந்துவிட்டதாகப் பல வீடுகளில் ஒரு நினைப்பு. ஜூலையில் ஓடிய அதே அட்டவணை ஜனவரியிலும் ஓடும் என்று நம்புவதுதான் முதல் பிழை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மற்றப் பிழைகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கணக்கு எளிது. கோடையில் செருப்பைக் கொழுவிக்கொண்டு காரில் ஏறிவிடலாம். ஸ்னோ கொட்டிய காலையில் பூட்ஸ், ஜக்கெற், தொப்பி, கையுறை எல்லாம் போட வேண்டும். கார்க் கூரையில் கிடப்பதைத் தள்ளி, கண்ணாடியில் பிடித்த ஐஸைச் சுரண்டி, இரவில் வந்த நகரசபை வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போன கட்டியையும் வெட்டி எறிய வேண்டும். அதன்பிறகு 401 நெடுஞ்சாலையில் ஏறினால் அங்கே எல்லாரும் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். வீட்டு வாசலிலிருந்து வேலைத்தலம் வரை அரை மணித்தியாலம் கூடுதலாகப் போவது அதிசயமில்லை. அந்த அரை மணித்தியாலத்தை எங்கிருந்து எடுப்பது என்று யோசித்து வைக்காவிட்டால் அது நித்திரையிலிருந்து போகும். நித்திரையிலிருந்து போகாவிட்டால் பொறுமையிலிருந்து போகும்.

"இஞ்சாருங்கோ, காரைத் துடைச்சாச்சோ?" என்று குசினியிலிருந்து ஒரு குரல். "நீர்தானே இண்டைக்கு முதல் போறீர்?" என்று மேல்மாடியிலிருந்து ஒரு பதில். காலை ஆறே முக்காலுக்கு இந்த உரையாடல் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பல வீடுகளில் இரண்டு கார்களும் ஒரே டிரைவ்வேயில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். முதலில் போகிறவரின் கார் உள்ளே மாட்டிக்கொண்டால், குளிருக்குள் இரண்டு காரையும் துடைத்து, ஒன்றை வெளியே எடுத்து, மற்றதைத் திரும்ப உள்ளே விட வேண்டும். இதைத் தவிர்க்க இரவு ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடம் போதும். வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள், நாளைக்கு யார் முதல் என்று கேளுங்கள், அவருடைய காரை வீதிப்பக்கம் விடுங்கள். சவளையும் வாசலுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். அது கொல்லைப்புற ஷெட்டுக்குள் இருந்தால், அதை எடுக்கப் போகவே முதலில் ஒரு சவள் வேண்டும்.

அவசரத்தில் கண்ணாடியில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு வட்டத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாரதிக்கு வெளியே தடையில்லாமல் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் தண்டம் எழுதலாம். கூரையில் விட்ட ஸ்னோ பிரேக் பிடிக்கும்போது முன்கண்ணாடி முழுவதும் சரிந்து இறங்கும். இன்னொன்று, காரைச் சூடாக்குகிறேன் என்று கராஜுக்குள் நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிடுவது. கதவு திறந்துதானே இருக்கிறது என்ற சமாதானம் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜை ஒட்டிய கதவு வழியாக அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

ரயர் விஷயத்தில் ஒரு வேடிக்கையான சிக்கனம் உண்டு. ஹைவேயில் போகும் காருக்கு மட்டும் குளிர்கால ரயர் போட்டுவிட்டு, "மற்றது பக்கத்திலேதானே ஓடுது" என்று விட்டுவிடுவது. பக்கத்துத் தெருவில்தான் உப்புப் பிந்திப் போடுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வருவதும் அங்கேதான். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும், ஸ்னோ விழ வேண்டும் என்றில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016இலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கழிவு கொடுத்தாக வேண்டும். கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

வெளிச்சம்

டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7.50 ஆகும், மறைவது 4.45 போல. பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர் அந்த ஒன்பது மணித்தியாலத்தையும் ஜன்னலில்லாத ஓரிடத்தில் கழித்துவிட்டு, "ஏனோ தெரியேல்லை, ஒரே அலுப்பாக் கிடக்கு" என்பார். அதற்கு மருந்தாக இரண்டாவது கோப்பி, பிறகு மூன்றாவது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு குடிக்கிற கோப்பி இரவு பதினொரு மணிக்கும் உடம்பை விட்டுப் போயிருக்காது. அதனால் நித்திரை பிந்தும், அடுத்த நாள் இன்னும் அலுப்பு வரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிடம் வெளியே நடப்பது கோப்பியைவிட மேல். முகில் மூடிய பகலிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அலுவலக விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். காற்றோடு சேர்ந்து உடம்பு உணரும் குளிரைக் காட்டும் குளிர்காற்றுக் குறியீடு −28ஐத் தாண்டினால் மட்டும் யோசியுங்கள், அதற்குமேல் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். விற்றமின் டி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த அகலாங்கில் குளிர்கால வெயில் தோலில் அதை உண்டாக்கப் போதாது, நம்முடைய கறுத்தத் தோலுக்குக் கோடையிலேயே கூடுதல் வெயில் வேண்டும். 19 முதல் 70 வயது வரையானவர்களுக்கு ஹெல்த் கனடா சொல்லும் அளவு நாளுக்கு 600 சர்வதேச அலகு (IU), உச்ச வரம்பு 4,000. ஊரிலிருந்து வந்த யாரோ சொன்னார்கள் என்று வாரக்கணக்கில் பெரிய குளிசைகளை விழுங்க வேண்டாம், குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். மனம் வாரக்கணக்கில் கீழேயே கிடந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். "குளிருக்கு எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்று தள்ளிப்போடுகிற வழக்கம் நம்மிடம் கூடவே இருக்கிறது.

குசினி

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து வைப்பது நல்ல ஏற்பாடு. பிழை அடுத்த கட்டத்தில் வருகிறது. பிரிட்ஜுக்குள் இடமில்லை என்று கறிச்சட்டியைப் பல்கனியில் வைத்துவிடுவது. வெளியே உறைகுளிர்தானே, கெட்டா போகும்? போகும். சமைத்த சாப்பாடு 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். வெளியே −6 என்று தொலைபேசி காட்டினாலும், தெற்குப் பார்த்த பல்கனியில் மத்தியானம் வெயில் விழுந்தால் மூடிய சட்டிக்குள் அந்தக் கணக்கு நிற்காது. இரவில் உறைந்து, பகலில் இளகி, திரும்ப உறைந்த இறைச்சிக் கறியைச் செவ்வாய்க்கிழமை சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, புதன்கிழமை இருவரும் லீவு போடுவதில் மிச்சம் ஒன்றுமில்லை. சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து வையுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் முடியாதது பிரீசருக்குப் போகட்டும். சோறும் அப்படித்தான், இரவு முழுக்க ரைஸ் குக்கரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே விடக்கூடாது.

மூடிய வீட்டில் மீன் பொரிப்பது தனிக்கதை. ஜன்னல் திறக்க முடியாது, புகைபோக்கி விசிறியின் சத்தம் பிடிக்காது என்று அதையும் போடுவதில்லை. நீராவி கண்ணாடியில் வியர்த்து வடிந்து, ஜன்னல் சட்டத்தின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். விசிறியைத் தாளிக்கத் தொடங்குமுன் போட்டு, முடிந்தபின் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். குசினிக்கு எதிரே கொழுவியில் தொங்கும் ஜக்கெற்றுகளை முதலில் படுக்கையறை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இறகு அடைத்த ஜக்கெற் பொரியல் மணத்தை இலேசில் விடாது, வாராவாரம் துவைக்கவும் முடியாது. நீங்கள் அதோடேயே பஸ்ஸில் ஏறுவீர்கள்.

மின்கட்டணத்தில் இன்னொரு தடுமாற்றம். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாரநாட்களில் காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 7 வரையும்தான் உச்சக் கட்டணம். இரவு 7க்குப் பிறகும் சனி ஞாயிறு முழுவதும் மலிவு. கோடையில் இது வேறு, நடுப்பகல்தான் உச்சம். கோடைப் பழக்கத்திலேயே மாலை ஐந்தரைக்கு உடுப்புக் காயவிடுகிறவர்கள் அநேகம். மறுபக்கம், இன்னும் சில சதம் மிச்சம் பிடிக்க நள்ளிரவு வரை முழித்திருந்து மெஷினைப் போடுகிறவர்களும் உண்டு. ஏழரைக்குப் போடுங்கள், ஒன்பதுக்கு மடித்து வையுங்கள், பத்துக்குப் படுங்கள்.

ஓய்வு

எல்லா வேலையும் முடிந்தபின் மிஞ்சினால் ஓய்வு என்பதுதான் நம் வீடுகளின் எழுதாத விதி. குளிர்காலத்தில் எதுவும் மிஞ்சாது. அதிலும் ஒருவர் பகல் ஷிப்ட், மற்றவர் பின்னேர ஷிப்ட் என்றால் வாரத்தில் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது சனி, ஞாயிறு மட்டும்தான். அந்தச் சனியைத்தான் மண்டபங்கள் கொண்டுபோகின்றன. பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று வரிசையாக வரும். ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபின் பொங்கல் விழாக்களும் அந்த மாதம் முழுக்கப் பரவிவிட்டன. எல்லாம் நல்ல நிகழ்ச்சிகள்தான். அதற்காக எல்லாவற்றுக்கும் இருவருமாகப் போக வேண்டும் என்றில்லை. வீட்டுக்கொருவர் போய் முகம் காட்டிவிட்டு, அன்பளிப்பு உறையைக் கொடுத்துவிட்டு வருவதை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. நினைக்கிற பெரியம்மா ஒருவர் எப்படியும் இருப்பார், அவருக்குத் தனியாக ஒரு அழைப்பு எடுத்தால் சரி.

அழைப்பு என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் முன்னே, கோடையில் ஒன்பதரை. வேலை முடிந்து களைத்து வந்து, இரவு பதினொன்றுக்கு அம்மாவோடு கதைக்கத் தொடங்கினால் அங்கே காலை ஒன்பதரை. அவர் உற்சாகமாக ஊர்ப் புதினம் முழுக்கச் சொல்வார். சனி காலை ஒன்பதரைக்கு எடுத்துப் பாருங்கள், அங்கே இரவு எட்டு மணி, இரண்டு பக்கமும் ஆறுதலாகக் கதைக்கலாம்.

வாரம் முழுக்க ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டு, ஞாயிறு மதியம் வரை படுத்து ஈடுகட்டுவதும் சரிவராது. அன்று இரவு நித்திரை வராது, திங்கள் காலை இன்னும் மோசம். ஒரு மணித்தியாலம் பிந்தி எழும்புவது போதும். வேலை மின்னஞ்சலைப் படுக்கையில் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒன்ராறியோ நிறுவனங்கள் 2022இலிருந்து வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்பு குறித்து எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் பதில் போடாமல் இருக்கும் உரிமையை நேரடியாகத் தருவதில்லை, ஆனால் உங்கள் நிறுவனத்தின் கொள்கையில் என்ன இருக்கிறது என்று வாசித்தாவது பாருங்கள்.

கடைசியாக லீவு. ஒன்ராறியோவில் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு கிழமை, ஐந்தாண்டுக்குப் பிறகு மூன்று. இதை ஒரு நாள்கூடத் தொடாமல் ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று சேர்த்து வைப்போம். புதுவருடத்துக்குப் பிறகு அடுத்த பொதுவிடுமுறை பெப்ரவரி மூன்றாம் திங்கள் வரும் குடும்ப நாள். இடையில் ஆறேழு கிழமை, ஆண்டின் மிகக் குளிரான கிழமைகள். குடும்ப நாளுக்கு முந்திய வெள்ளியை மட்டும் இருவரும் லீவாக எடுத்தால் தொடர்ந்து நான்கு நாள் கிடைக்கும். வேலைத்தலத்தில் மற்றவர்களும் அதே வெள்ளியைத்தான் கேட்பார்கள், ஆகவே டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சனிக்கிழமைக்கு மண்டப அழைப்பு வந்தால், வெளியூர் போகிறோம் என்று சொல்லலாம், போகாவிட்டாலும்.