இதய ஆபரேஷனுக்கு மயக்கம்: மதுரைக்குக் கிளம்பும் முன் கடற்கரைக்காரர்கள் செய்ய வேண்டியவை

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கமிருந்து பைபாஸுக்கோ வால்வு ஆபரேஷனுக்கோ மதுரைக்குப் போகிற குடும்பங்கள் சர்ஜன் யார், செலவு எவ்வளவு, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று எல்லாம் விசாரித்துவிடுவார்கள். மயக்க மருத்துவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஊசி போட்டுத் தூங்கவைப்பவர் என்று நினைத்துக்கொள்வதுதான் காரணம். உண்மையில் ஆபரேஷன் நடக்கும் நாலைந்து மணி நேரமும் நோயாளியின் மூச்சு, ரத்த அழுத்தம், உடல் சூடு, ரத்தம் உறையும் வேகம் எல்லாம் அவர் பொறுப்பு. திரையைப் பார்த்தே அவர் பலவற்றைத் தெரிந்துகொள்வார். ஆனால் என்ன மாத்திரை எப்போது விழுங்கினோம், எந்தப் பல் ஆடுகிறது, எந்த மீன் ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் எந்தத் திரையும் காட்டாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

தேதி குறிக்கும்போது ஒரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதில் தவறில்லை. நடந்தால் மட்டும் நெஞ்சு வலி, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்பவருக்கு மருத்துவரே சம்மதிக்கக்கூடும். சும்மா இருக்கும்போதே வலி வருகிறவரும், இதயத்தின் இடது பக்க முதன்மை ரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லப்பட்டவரும் தடைக்காலத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

மாத்திரைகள்

சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். லேகியம், சூரணம், நாட்டு மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மயக்க மருத்துவர் ஒவ்வொன்றையும் பார்த்து எதைத் தொடர வேண்டும், எதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சொல்வார். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுவாக உள்ள கணக்கு இதுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் குளோபிடோக்ரெல் 5 நாளுக்கு முன்பும், பிரசுக்ரெல் 7 நாளுக்கு முன்பும், டைகாக்ரெலார் 3 முதல் 5 நாளுக்கு முன்பும் நிறுத்தப்படும். நிறுத்தாமல் போனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வேலை செய்யாது. தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெஞ்சுக்குள் கசிவு நிற்காது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். வார்ஃபரின் என்றால் சுமார் 5 நாள். அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம் அதைவிடச் சீக்கிரம் உடலைவிட்டுப் போகும் என்பதால் நாள் குறையலாம். வால்வு நோயோடு இதயத் துடிப்பும் தாறுமாறாக இருப்பவர் இவற்றை நிறுத்தினால், இடைப்பட்ட நாட்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் 5 நாளில் நிறுத்தினார் என்று நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். சமீபத்தில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயை விரித்துவைக்கும் வலைக்குழல்) வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் ஆபரேஷன் மேசைக்கு வரும் முன்பே ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடலாம்.

சுகர் மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சாப்பிடாமல் இருக்கும்போது இவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும், ஆனால் சுகர் அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும். அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே மாத்திரை கொடுக்கப்படுவதால், எனக்குச் சுகரே இல்லை என்பவரும் அட்டையைக் காட்டத்தான் வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன், ராமிப்ரில் வகையைப் பெரும்பாலும் முந்தின நாளே நிறுத்தச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்தவுடன் அழுத்தம் தரைக்கு இறங்கி, அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கும் மசியாமல் நிற்பதற்கு இவை ஒரு காரணம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மட்டும் நேர் எதிர். அதை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுப்பார்கள்.

மீன் ஒத்துக்கொள்ளாது என்றால்

கடற்கரையில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தத்தை, ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் பார்க்கும் ஹார்ட் லங் மெஷினுக்குள் அனுப்பும் முன் அது உறையாமலிருக்க, எடையில் ஒரு கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் போடுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 18,000 முதல் 24,000 யூனிட். எல்லாம் முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கும் மருந்து புரோட்டமின். இது சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படுகிறது. மீன் அலர்ஜி உள்ள சிலருக்கு இதனால் அழுத்தம் சட்டென்று விழலாம், நுரையீரல் குழாய் இறுகலாம். அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் முன்பே தெரிந்தால் மயக்க மருத்துவர் மாற்றுத் திட்டத்தோடு, மருந்துகளைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, இன்னும் மெதுவாகக் கொடுப்பார்.

ஆனால் மீன் சேராது என்று மொட்டையாகச் சொன்னால் பயனில்லை. இறாலும் நண்டும் சேராது என்பவருக்கு இருப்பது வேறு அலர்ஜி, புரோட்டமினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரையையோ கானாங்கெளுத்தியையோ தின்று முகம் சிவந்து தடித்திருந்தால், அது பெரும்பாலும் கெட்ட மீனில் சேர்ந்த ஹிஸ்டமினின் வேலை, அலர்ஜி அல்ல. எந்த மீன், புதிதா பழையதா, தின்று எத்தனை நிமிடத்தில், தடிப்பு மட்டுமா மூச்சும் திணறியதா, திரும்பத் தின்றபோதும் வந்ததா என்று ஐந்தையும் சொல்லுங்கள். பால் போலக் கலங்கலான என்பிஹெச் வகை இன்சுலின் வருடக்கணக்கில் போட்டவர்களும் சொல்ல வேண்டும். அந்த இன்சுலினிலேயே புரோட்டமின் இருப்பதால் உடல் ஏற்கெனவே அதற்கு எதிராகத் தயாராகியிருக்கலாம்.

ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. திசு வால்வுகள் மாடு அல்லது பன்றியிலிருந்து வருபவை. சமய காரணத்தால் இதைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. வால்வில் தேர்வு செய்ய இடமுண்டு. ஹெப்பாரினுக்கு மாற்று மருந்துகள் இருந்தாலும் அவற்றை முறிக்க புரோட்டமின் போல ஒன்று கிடையாது. அதனால் தக்க காரணமில்லாமல் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

வாய், கை, கால்

வெற்றிலை, புகையிலை, பாக்குப் பொட்டலம் போடுகிறவர்கள் கண்ணாடி முன் நின்று, தங்கள் மூன்று விரலைச் சேர்த்து நெடுக்குவாக்கில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது சிரமமாகலாம். அதைச் சொல்லிவிட்டால் கேமரா வைத்த கருவியைத் தயாராக வைத்திருப்பார்கள். ஆடும் பல்லையும் காட்டுங்கள். அது கழன்று நுரையீரலுக்குள் போனால் வேறொரு வைத்தியம் பார்க்க வேண்டிவரும். வால்வு மாற்றுகிறவர்களுக்குச் சொத்தைப் பல்லை முன்பே கவனித்துவிட வேண்டும், அதிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்காரும். விழுங்கும்போது அடைக்கிறது, முன்பு உணவுக்குழாயில் பிரச்சினை இருந்தது என்றால் அதுவும் முக்கியம். ஏனென்று பின்னால் வருகிறது.

ஆஞ்சியோகிராம் மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் எந்தக் கை என்று சொல்லுங்கள். அந்தக் கையின் ரத்தக் குழாய் பிறகு அடைத்திருக்கலாம். பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தநாளம் எடுப்பார்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கும் சங்கு குளிப்பவர்களுக்கும் பாறை கீறிய புண் காலில் ஆறாமல் கிடப்பது சாதாரணம். முட்டிக்குக் கீழே புண்ணோ, நரம்புச் சுருட்டலோ இருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள். விரல் நுனியில் தோல் காய்த்துப்போனவர்களுக்கும் கறுப்பு மருதாணி வைத்தவர்களுக்கும் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் சரியாகப் படிக்காமல் போகலாம். கிளிப்பைக் காது மடலுக்கு மாற்றிவிடலாம் என்றாலும் மருதாணியை அந்த மாதம் தவிர்த்துவிடலாம்.

மெட்டி, மோதிரம், அரைஞாணில் வெள்ளி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றுங்கள். கைகால் வீங்கினால் மோதிரம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மின்சாரக் கத்தி பயன்படுத்தும்போது உலோகம் பட்ட இடத்தில் சூடு வைக்கவும் வாய்ப்புண்டு. தாலி, கருகமணி விஷயத்தில் தியேட்டர் வாசலில் நின்று அழுவதைவிட முந்தின நாளே மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வது எளிது.

பீடியை இன்றே விடுங்கள். 4 வாரம் கிடைத்தால் நுரையீரல் தேறும். ஒரு நாள் விட்டாலும் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும்.

பட்டினி

பிரியாணி, பொரித்த மீன் மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்கும் மயக்கத்துக்கும் இடையே 8 மணி நேரம் வேண்டும். இட்லி போன்ற இலேசான உணவுக்கு 6 மணி நேரம். பால் போட்ட டீ தண்ணீர்க் கணக்கில் வராது, அதற்கும் 6 மணி நேரம்தான். வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம், மருத்துவர் தடுக்காவிட்டால். இளநீர் குளிர்ச்சி என்று கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே மாறும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் மோசம். பதநீரில் இருப்பது சர்க்கரை. தண்ணீர் போதும்.

உள்ளே என்ன நடக்கும்

தூங்கவைக்கும் முன்பே மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நுழைப்பார்கள். அப்போது கையை அசைக்காமலிருப்பதுதான் நோயாளி செய்யக்கூடிய பெரிய உதவி. ரத்த அழுத்தத்தைக் கைப்பட்டை போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மெஷின் ரத்தத்தைத் தள்ளும்போது பெரும்பாலும் நாடித்துடிப்பு இருக்காது. துடிப்பு இல்லாத இடத்தில் கைப்பட்டையும் வேலை செய்யாது, விரல் கிளிப்பும் வேலை செய்யாது. இந்தக் குழாய் ஒன்றுதான் நொடிக்கு நொடி அழுத்தத்தைச் சொல்லும். மெஷினில் இருக்கும்போது சராசரி அழுத்தத்தை 50 முதல் 80 வரை வைத்திருப்பார்கள். அளக்கும் சென்சார் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினால் எண் சுமார் 7 கூடுதலாகக் காட்டும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அலை மழுங்கிவிடும். மேசையை ஏற்றி இறக்கும்போதெல்லாம் மயக்க மருத்துவர் எழுந்து சென்சாரைச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

தூங்கிய பின் மூச்சு டியூப், கழுத்து நரம்பில் பெரிய குழாய், சிறுநீர்க் குழாய், மூக்கில் சூடு பார்க்கும் கம்பி. தேவைப்பட்டால் உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியும் இறங்கும். இதயத்தின் முதுகுப் பக்கம் நின்று வால்வு மூடுகிறதா, அறைக்குள் காற்று தங்கியிருக்கிறதா என்று அது காட்டும். விழுங்கும் பிரச்சினையைச் சொல்லச் சொன்னது இதற்காக. நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் தூக்க ஆழத்தைக் காட்டும். 40 முதல் 60 வரை இருந்தால் போதுமான தூக்கம்.

ஹெப்பாரின் போட்டுச் சில நிமிடத்தில் ஏசிடி என்ற சோதனை. வழக்கமாக 100 முதல் 130 விநாடியில் உறையும் ரத்தம் இப்போது 480 விநாடி தாண்டியும் உறையாமலிருக்க வேண்டும். அதற்கு முன் மெஷினை ஓட்டினால் மெஷினுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடும். சுமார் அரை மணிக்கொருமுறை மறுபடி பார்ப்பார்கள்.

மெஷினிலிருந்து இறக்குவதுதான் நெருக்கடியான கட்டம். உடல் சூடு 36 டிகிரிக்கு மேல் ஏறியதா, பொட்டாசியம் சரியா, துடிப்பு ஒழுங்கா, வென்டிலேட்டர் மறுபடி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ரத்தத்தை இதயத்துக்குள் விடுவார்கள். அதன் பிறகு புரோட்டமின், 10 நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாக. வெளியே காத்திருப்பவர்களுக்கு நேரம் நீள்வது பெரும்பாலும் இங்கேதான். தாமதம் என்றாலே விபரீதம் என்று ஊருக்குப் போன் போட வேண்டாம்.

ஐசியூவில் கண் விழிக்கும்போது வாயில் டியூப் இருக்கும், பேச வராது. வீட்டிலேயே மூன்று சைகை பழகிவிடுங்கள்: வலிக்கிறது என்றால் கையை மடக்குவது, மூச்சு முட்டுகிறது என்றால் நெஞ்சுப் பக்கம் காட்டுவது, ஆமாம் என்றால் கண்ணை இருமுறை மூடுவது. சிலருக்கு இரவில் குழப்பம் வந்து குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். கண்ணாடியும் காது மெஷினும் கையோடு இருந்தால் இது குறையும். பார்வை நேரத்தில் இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்.

டியூப் எடுத்ததும் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி தருவார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். உட்கார்ந்து, வாயில் வைத்து, மெதுவாக மூச்சை உள்ளிழுத்துப் பந்தை 3 விநாடி மேலேயே நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் நெஞ்செலும்புத் தையல் அசையாது. வலிக்கிறதே என்று இருமாமல் விட்டால் சளி அடியில் தங்கி மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். வலி மருந்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இருமுங்கள்.